ஏலம் ஓய்ந்ததும் உறைந்துபோகும் திரை

இணைப்பு நடுவில் அறுபடுகிறது என்று அண்மையில் எனக்கு வந்த நான்காவது அழைப்பு இது. நான்கு பேரும் போனில் சொன்ன முதல் வார்த்தை ஒன்றுதான்: "நெட்ட மாத்தியாச்சும்மா, அப்பவும் கட் ஆகுது." அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இனிமேல் நெட்டை மாற்றுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நான்காவது ஆள் மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவர். கடைச் சுவரில் ஒரு டிவி. மல்லிகை, பிச்சி, முல்லை, சம்பங்கி என்று அன்றைய விலை அதில் ஓடும். அதே விலை, பூ அனுப்பும் விவசாயிகளின் போனிலும் தெரியும். ஏலத்தில் விலை மாறியதும் கடைப் பையன் தன் போனில் தட்டுவான். எல்லாத் திரைகளிலும் அந்த நொடியே மாறும். இரண்டு இளைஞர்கள் சேர்ந்து செய்து கொடுத்தது. வேலை சுத்தம். ஆனால் திரை அவ்வப்போது உறைந்துவிடும். ஒருமுறை மல்லிகை கிலோ 900 என்று காட்டியபடியே நின்றுவிட்டது. சந்தையில் 650-க்கு இறங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் அந்த 900-ஐ நம்பிக் கூடுதல் ஆள் வைத்துப் பூப் பறித்துக் கொண்டுவந்து இறக்கினார். அவருக்கும் கடைக்காரருக்கும் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

நான் போவதற்குள் அவர் இணைய நிறுவனத்தை மாற்றிவிட்டார். புது ரூட்டர் வாங்கிவிட்டார். சர்வரில் ராம் இரட்டிப்பாகிவிட்டது. பிரச்சினை மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஸ்டூல் போட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏம்மா, எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. ஏலம் சூடா இருக்கறப்ப நல்லாத்தான் ஓடுது. கொஞ்சம் ஓஞ்சு, டீ குடிச்சிட்டு வந்து பாத்தா படுத்திருக்கு."

"இத டெவலப்பர்ட்ட சொன்னீங்களாண்ணே?"

"சொன்னேன். நெட்டுதான் காரணம்னாங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடைக்காரர் நோயை முழுசாகச் சொல்லிவிட்டார். படித்தவர்கள்தான் காதில் வாங்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். நெட் சரியில்லை என்றால் எப்போது திணற வேண்டும்? விலை நொடிக்கொரு தரம் மாறி, நூறு போன்கள் ஒரே நேரத்தில் கேட்கும்போது. ஆளில்லாத நேரத்தில் அல்ல. இங்கே தலைகீழ். போக்குவரத்து இருந்தால் உயிரோடு இருக்கிறது, அமைதியானால் சாகிறது. அப்படியென்றால் யாரோ அமைதியைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறார்கள் என்று அர்த்தம். இன்னொன்று: நெட்டின் வேகம் வேறு, ஒரு இணைப்பின் ஆயுள் வேறு. ஒரு விலை மாற்றச் செய்தி சில நூறு பைட் இருக்கும். அதை அனுப்ப 100 எம்பிபிஎஸ் லைன் எதற்கு? பழைய 2ஜி போதும். அகலமான ரோடு போட்டால் வீட்டுக் கதவு தானாகத் திறந்திருக்குமா? வேகத்தைக் கூட்டியதால் இந்த மாதிரி அறுபடல் நின்றதை என் தொழிலில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் ஒருவர் ஸ்பீட் டெஸ்ட் எடுத்த படத்தை அனுப்பி, "இவ்வளவு வேகம் வருதே, அப்புறம் ஏன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே விடை இருக்கிறது ஐயா.

நெட் கெட்டுப்போனால் கன்னாபின்னாவென்று கெட்டுப்போகும். ஒருமுறை 7 நொடி, ஒருமுறை 4 நிமிடம், மழை வந்தால் ஒரேயடியாக. அது கடிகாரம் பார்த்து அறுபடாது.

பையனிடம் விலையைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திறந்து, போனில் ஸ்டாப்வாட்சைத் தட்டினேன். 60 நொடி. மறுபடி பார்த்தேன். 60. கடை வைஃபையை விட்டுவிட்டு என் போனின் சொந்த டேட்டாவில் பார்த்தேன், முற்றிலும் வேறு நெட். அதிலும் 60. இதற்கு ஆன செலவு ஒரு டீ. அதுவும் அவர் வாங்கிக் கொடுத்தது.

சந்தையில் இருப்பவர்களுக்கு ரிவர்ஸ் ப்ராக்ஸியை விளக்குவது சுலபம். விவசாயியும் வாங்குபவரும் நேரில் பேசிக்கொள்வதில்லை, நடுவில் கமிஷன் கடை. அதேபோல் பிரவுசரும் உங்கள் அப்ளிகேஷனும் நேரில் பேசுவதில்லை, நடுவில் என்ஜின்எக்ஸ் என்ற ப்ராக்ஸி மென்பொருள். பிரவுசருக்கும் அதற்கும் ஒரு இணைப்பு, அதற்கும் அப்ளிகேஷனுக்கும் இன்னொரு இணைப்பு. எது அறுந்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரிவது ஒரே காட்சிதான். அந்த என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் என்று ஒரு அளவு உண்டு. நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் 60 நொடி. பலரும் இதை மொத்த இணைப்பின் ஆயுள் என்று நினைக்கிறார்கள். இல்லை. அப்ளிகேஷனிடமிருந்து வரும் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் நடுவில் எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்ற கணக்கு அது. ஏலம் சூடாக இருந்தபோது சில நொடிக்கொரு விலை போனது, ஒவ்வொரு விலையும் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பியது. ஏலம் ஓய்ந்தது, 60 ஆனது, முடிந்தது கதை. பிழைகளைக் குறித்துவைக்கும் எரர் லாகில் அப்ஸ்ட்ரீம் டைம்டு அவுட் (அப்ளிகேஷன் பேசக் காத்திருந்து நேரம் முடிந்தது) என்று ஒவ்வொரு முறையும் எழுதியும் வைத்திருந்தது. மாதக்கணக்காக. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

"என் லேப்டாப்புல நல்லாத்தான் ஓடுச்சுக்கா" என்றான் டெவலப்பர் தம்பி. ஓடத்தான் செய்யும். உன் லேப்டாப்பில் ப்ராக்ஸி ஏது?

இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அறுபடும் நேரம்தான் கைரேகை. துல்லியமாக 60 என்றால் முதலில் என்ஜின்எக்ஸைப் பாருங்கள். அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வரும் ப்ராக்ஸி வேலையில் ஒன்றும் எழுதாவிட்டால் 60 நொடிதான் பொறுக்கும், பல சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அமேசான் லோட் பேலன்சரின் ஐடில் டைம்அவுட்டும் (சும்மா கிடக்கும் இணைப்பைப் பொறுக்கும் நேரம்) 60தான். எனவே மூன்றும் வரிசையாக நின்றால் எது வெட்டியது என்று லாகைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 30 என்றால், பைத்தான் அப்ளிகேஷனாக இருந்தால், அதை ஓட்டும் கூனிகார்ன் சர்வர். அது 30 நொடிக்கு மேல் சத்தமில்லாத வொர்க்கரை, அதாவது வேலை செய்யும் ப்ராசஸை, கொன்றுவிடும். வெளியே 502 என்ற பிழை எண் தெரியும், பழி என்ஜின்எக்ஸ் மேல் விழும். திறந்த உடனேயே, ஒரு நொடிகூட நிற்காமல் அறுந்தால் அது டைம்அவுட்டே அல்ல. திறந்தபடியே இருந்து இரு பக்கமும் செய்தி போகும் இணைப்புக்கு வெப்சாக்கெட் என்று பெயர்; அதற்கு மாறலாம் என்று கேட்கும் அப்கிரேட் ஹெடர் (கோரிக்கையோடு போகும் குறிப்பு) ஒரு கை தாண்டி அடுத்த கைக்குத் தானாகப் போகாது. ப்ராக்ஸியில் எச்டிடிபி 1.1 என்றும், அப்கிரேட், கனெக்ஷன் இரண்டு ஹெடர்களையும் அனுப்பு என்றும் எழுத வேண்டும். எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் அறுந்தால், சரி, அப்போது நெட்டைத் திட்டுங்கள். நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

இணைப்பு அறும்போது பிரவுசரில் வரும் 1006 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். போகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. லாகில் 499 என்றால் போனை வைத்தது பிரவுசர் பக்கம். 504 என்றால் அப்ளிகேஷன் பதில் சொல்லத் தாமதித்தது. 502 என்றால் அப்ளிகேஷன் பக்கத்துக்கு இணைய முடியவில்லை, அல்லது பேச்சு பாதியில் முறிந்தது. இவ்வளவு தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

பூக்கடைக்கு வருவோம். நான் காரணத்தைச் சொன்ன அன்று மாலையே தம்பி போன் செய்தான். "அக்கா, டைம்அவுட்ட 86400 போட்டுட்டேன். ஒரு நாள் முழுக்க அறாது."

வேண்டாம் என்றேன். ஏன் என்று புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியமே இதுதான். ஒரு விவசாயி பஸ்ஸில் போகும்போது போன் சிக்னல் இல்லாமல் போகிறது, அல்லது சார்ஜ் தீர்கிறது. அந்தப் போன் விடைபெறாமல் போய்விட்டது. எந்தச் செய்தியும் போகாத இரவு நேரத்தில் செத்த இணைப்பைச் செத்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லாமல், நாள் முழுக்க அது பிணமாகக் கிடக்கும். ப்ராக்ஸி வழியாகப் போகும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இரண்டு இணைப்பு கணக்கு. என்ஜின்எக்ஸின் ஒரு வொர்க்கர் ஒரே நேரத்தில் தாங்கும் இணைப்புகளின் அளவு, அதாவது வொர்க்கர் கனெக்ஷன்ஸ், எதுவும் எழுதாவிட்டால் 512தான். டிசிபியின் கீப்அலைவ் (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி) பார்த்துக்கொள்ளும் என்பார்கள். அப்ளிகேஷன் அதைக் கேட்டு வாங்கினால்தான் வரும், அப்படி வந்தாலும் லினக்ஸில் முதல் சோதனை போவதற்கே 7200 நொடி, அதாவது 2 மணி நேரம். அதையும் விட, நீங்கள் உங்கள் ப்ராக்ஸியில் எழுதினால் மொபைல் நிறுவனத்தின் நடுவில் இருக்கும் கருவி கேட்குமா? அமைதியான இணைப்பை அதுவும் தன் கணக்குக்கு வெட்டும்.

செய்ய வேண்டியது எளிது. அமைதியை விடாதீர்கள். 25, 30 நொடிக்கு ஒருமுறை சர்வரிலிருந்து ஒரு பிங், இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி, போகட்டும். வெப்சாக்கெட் முறையிலேயே பிங், பாங் என்று இதற்கென்று இடம் வைத்திருக்கிறார்கள். 2011-இல் வந்த வெப்சாக்கெட் விதிமுறையான ஆர்எஃப்சி 6455-இலேயே இருக்கிறது. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்க்ரிப்டால் அந்த பிங்கை அனுப்ப முடியாது. சர்வர் அனுப்பினால் பிரவுசர் தானாக பாங் சொல்லும். ஆகவே வேலை சர்வருடையது. பக்கத்தில் டைமர் வைத்து நாமே ஏதாவது அனுப்பலாமே என்றால், பின்னால் கிடக்கும் டேபில் குரோம் அந்த டைமரை நிமிடத்துக்கு ஒருமுறை என்று மெதுவாக்கிவிடும். 60 நொடிக் கதவுக்கு 60 நொடிக்கொரு பிங்! பாங் வராத இணைப்பை சர்வரே மூடிவிடட்டும், பிணம் சேராது. சாக்கெட்.ஐஓ என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இதெல்லாம் உள்ளேயே இருக்கிறது, புதிய பதிப்புகளில் 25 நொடிக்கொரு பிங். தயவுசெய்து அதை அணைத்து வைக்காதீர்கள்.

மூன்றாவது ஆள் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களும் நெட்டைத்தான் மாற்றினார்கள். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடை. பில் போடும் மென்பொருளில் எப்போதாவது 502. ரிப்போர்ட் பார்க்கும்போது வராது, சேமி என்று தட்டும்போது மட்டும் வரும். பின்னால் இருந்தது நோட் சர்வர், ஜாவாஸ்க்ரிப்டில் எழுதிய அப்ளிகேஷனை ஓட்டுவது. அதன் பல பதிப்புகளில் சும்மா கிடக்கும் இணைப்பை 5 நொடியில் மூடிவிடும். முன்னால் இருக்கும் என்ஜின்எக்ஸோ அப்ஸ்ட்ரீம் கீப்அலைவ் (பின்பக்க இணைப்பை மூடாமல் மறுபடி பயன்படுத்துவது) போட்டு அதே இணைப்பை 60 நொடி கையில் வைத்திருந்தது. ஒருவர் கதவைச் சாத்தும் அதே கணத்தில் இன்னொருவர் உள்ளே கால் வைத்தால் மூக்கில்தான் அடிபடும். பார்க்கும் கோரிக்கையை என்ஜின்எக்ஸ் சத்தமில்லாமல் மறுபடி அனுப்பிவிடும். சேமிக்கச் சொல்லும் போஸ்ட் கோரிக்கையை அப்படி அனுப்பாது, ஒரே பில் இரண்டு முறை பதிவாகிவிடும் என்ற பயம், நியாயமான பயம். அதனால்தான் சேமிப்பு மட்டும் விழுந்தது. நோட் சர்வரின் கீப்அலைவ் டைம்அவுட்டை 65 நொடியாக்கினோம். பின்னால் இருப்பவர் எப்போதும் முன்னால் இருப்பவரைவிடக் கூடுதல் நேரம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே வரி. அதற்கு முன் மூன்று மாதம் வேலைக்காரப் பெண்தான் அவசரமாகத் தட்டுகிறாள் என்று திட்டு வாங்கியிருக்கிறாள்.

டெவலப்பர்களே, பிங் போட்டாலும் இணைப்பு அறும். லிஃப்டுக்குள் போனாலே அறும். அறுந்தால் தானாக மறுபடி இணையும் வேலையை எழுதாமல் "ரீஃப்ரெஷ் பண்ணுங்க" என்று வாடிக்கையாளருக்குப் பாடம் எடுக்காதீர்கள். மறுபடி இணைந்ததும் நடுவில் தவறிய விலையைக் கேட்டு வாங்குங்கள். எல்லாப் போன்களும் ஒரே நொடியில் வந்து மோதாமல் ஒவ்வொன்றும் ஏறுக்குமாறாகச் சில நொடி பொறுத்து வரட்டும். ப்ராக்ஸியின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கை மாற்றினால் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். பட்டப்பகலில் ரீஸ்டார்ட் அடித்து எல்லோரையும் ஒரே வெட்டாக வெட்டாதீர்கள். டெஸ்ட் செய்யும் லேப்டாப்பிலும் முன்னால் ஒரு என்ஜின்எக்ஸை வையுங்கள். அப்புறம் ஒன்று, இது கெஞ்சல்: இணைப்பு இல்லாத நேரத்தில் திரை அதைச் சொல்லட்டும். "கடைசியாக வந்த விலை, 6.42" என்று ஓரத்தில் சின்னதாக எழுதினால் போதும். அந்தத் திருமங்கலத்துக்காரர் கூடுதல் ஆள் வைத்திருக்க மாட்டார்.

கடைக்காரர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. போன் செய்வதற்கு முன் எத்தனை நொடியில் அறுகிறது என்று மூன்று முறை எண்ணிவிட்டுச் செய்யுங்கள்.

பூக்கடையில் பிங் போட்டு ஆறு வாரம் ஆகிறது. புது ரூட்டர் மேல் இப்போது நார்க்கட்டு வைத்திருக்கிறார்கள். நேற்றுக் காலை அவரிடமிருந்து போன் வந்தது. விலைத் திரை இல்லை, மாதக் கணக்கு போடும் பைத்தான் மென்பொருள். ரிப்போர்ட் கேட்டால் பாதியில் 502 வருகிறதாம்.

"நெட்ட மாத்தலம்மா," என்றார் முதலிலேயே. "எண்ணிப் பாத்துட்டேன். மூணு தடவையும் 30."

கூனிகார்ன் லாகைத் திறந்தேன்.