சொல் விளக்கம்: பக் – வழு

வீடியோ கேம் ஆடும் பிள்ளைகள் வாயில் தினமும் புழங்கும் சொல் ‘பக்’. கார் சுவருக்குள் புகுந்து போனால் பக். குண்டு பட்டும் எதிரி விழாவிட்டால் பக். நெட் இழுத்தால் அதுவும் பக்தான் அவர்களுக்கு. மதுரைப் பக்கம் இதற்கு முன்னாலேயே ‘மக்கர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. மொபட் முதல் பம்புசெட் வரை எல்லாம் மக்கர் பண்ணும். ஆனால் மக்கர் வேறு, பக் வேறு. மக்கர் பண்ணும் வண்டி தன் வேலையைச் செய்ய மறுக்கிறது. பக் உள்ள நிரல், அதாவது புரோகிராம், எதையும் மறுப்பதில்லை. எழுதி வைத்ததை அட்சரம் பிசகாமல் செய்கிறது. எழுதி வைத்ததில்தான் கோணல்.

ஆகவே பக் என்றால் மென்பொருளைத் தப்பாக நடக்க வைக்கும், அதன் நிரலிலோ வடிவமைப்பிலோ பதுங்கியிருக்கும் குறை. இணைய வேகம் குறைந்து ஆட்டம் இழுப்பது ‘லேக்’, அதாவது தாமதம். அதற்குப் பெரும்பாலும் நிரல் பொறுப்பல்ல.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பூச்சி என்று பொருள். அது கணினிக்குள் வந்த கதை பலருக்கும் தெரியும்: 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணிப்பொறியில் ரிலே என்ற மின்விசை ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, ‘பக் நிஜமாகவே அகப்பட்ட முதல் நிகழ்வு’ என்ற பொருளில் ஒரு வரி எழுதி வைத்தார்கள். கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் பல மேடைகளில் சொல்லிச் சொல்லி இந்தக் கதை பரவியது. அந்தப் பக்கம் பூச்சியோடு இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு ‘பக் என்ற சொல் இப்படித்தான் பிறந்தது’ என்று முடிப்பவர்கள் அந்த ‘நிஜமாகவே’யைக் கவனிப்பதில்லை. சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால்தான் அது நகைச்சுவையாகிறது. 1878-லேயே தாமஸ் எடிசன் ஒரு கடிதத்தில், கண்டுபிடிப்புகளில் தலைகாட்டும் சின்னச் சின்னக் கோளாறுகளைப் பக் என்றே குறிப்பிட்டிருக்கிறார்.

இதன் கூடவே அலையும் இன்னொரு சொல் ‘கிளிட்ச்’. 1960-களில் அமெரிக்க விண்வெளித் துறையினர் வழியாகப் பரவலான இது, வழுக்கும் இடத்தைக் குறிக்கும், ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழிச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து.

வழுக்கும் இடம் என்றதும் தமிழுக்கு வந்துவிடலாம். பக் என்பதற்குத் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் சொல் ‘வழு’. வழுவுதல், வழுக்குதல் எல்லாம் ஒரே குடும்பம். ‘ஒழுக்க முடையவர்க்கு ஒல்லாவே தீய வழுக்கியும் வாயாற் சொலல்’ என்ற 139-ஆம் குறளில் வாய் தவறுவதுகூட வழுக்குதல்தான். பூச்சி என்று நேராக மொழிபெயர்த்திருந்தால் வயல்காட்டு மருந்தைத்தான் தேடியிருப்போம்.

இலக்கணத்தில் வழு என்றால் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்ற ஏழில் ஒன்று மயங்கி வருவது. ‘நாளை வந்தேன்’ என்பது கால வழு. எழுத்தெல்லாம் சரி, ஒவ்வொரு சொல்லும் சரி, சேர்த்துப் பார்த்தால் பொருந்தவில்லை. நிரலிலும் இதேதான். ஒவ்வொரு வரியும் ஒழுங்காக இருக்கும். இரண்டு வரிகள் சந்திக்கும் இடத்தில் வழுக்கும். பிழை, தவறு என்ற சொற்களையும் சிலர் போடுகிறார்கள். நிரலர் செய்வது தவறு, அதனால் நிரலில் தங்கிவிடுவது வழு, திரையில் நமக்குத் தெரிவது பிழைச்செய்தி என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

அடுத்தது ‘பக் ரிப்போர்ட்’. இதைப் பலர் புகார் என்கிறார்கள். எனக்கு ‘வழு அறிக்கை’தான் சரியாகப் படுகிறது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ‘எங்க தெருவுல விளக்கே எரியல’ என்று கொடுக்கும் மனுவுக்கும், கம்பத்தின் எண்ணைக் குறித்துக் கொடுக்கும் மனுவுக்கும் உள்ள வித்தியாசம்தான் புகாருக்கும் அறிக்கைக்கும். திருமங்கலத்தில் இருக்கும் அக்கா மகன் ஒரு பைக் பந்தய ஆட்டத்துக்கு எழுதி வைத்திருந்தது இது: “கேம் வேஸ்ட். பிரேக் தானா புடிக்குது. சீக்கிரம் சரி பண்ணுங்க.” கூடவே ஒற்றை ஸ்டார். எப்போது பிடிக்கிறது என்று கேட்டால், “எப்பவாச்சும் மாமா” என்றான். உட்கார்ந்து ஆடிப் பார்த்ததில் பிடி கிடைத்தது. அப்புறம் அவனே திருத்தி எழுதினான்:

“பந்தயத்தின்போது பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில் போன் அழைப்பு வர வேண்டும். பேசி முடித்து ஆட்டத்துக்குத் திரும்பினால், திரையில் விரல் இல்லாதபோதும் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. பட்டனை மறுபடி தொட்டு எடுத்தால் விட்டுவிடுகிறது. அலாரம் அடித்தாலும் இப்படியே ஆகிறது. அழைப்பு வராத பந்தயத்தில் இது நடக்கவில்லை.”

கீழே போனின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, ஆட்டத்தின் பதிப்பு எண், திரையைப் பதிவு செய்த சின்ன வீடியோ. இதில் ‘மறுபடி தொட்டு எடுத்தால்’ என்ற வரிதான் தங்கம். விரல் அழுந்தியது என்ற செய்தி ஆட்டத்துக்குப் போயிருக்கிறது. அழைப்பு குறுக்கிட்டதால் விரல் எடுத்த செய்தி போகவில்லை. எங்கே தேட வேண்டும் என்பது நிரலருக்கு அந்த வரியிலேயே விளங்கிவிடும். இப்படி அடுத்தவர் கையிலும் அதே வழுவை வரவழைப்பதை ‘ரீப்ரொட்யூஸ்’ என்பார்கள். ‘மீள நிகழ்த்தல்’ எனலாம்.

மீள நிகழ்த்தாமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் காந்தியே சாட்சி. 1991-இல் வந்த சிவிலைசேஷன் ஆட்டத்தில் இந்தியத் தலைவராக வரும் காந்தியின் முரட்டுத்தன மதிப்பு 1 என்றும், அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியபோது கணக்கு சுற்றிக்கொண்டு உச்ச மதிப்பான 255 ஆகிவிட்டது என்றும், அதனால்தான் அவர் அணுகுண்டு வீசுகிறார் என்றும் இணையம் முழுக்க ஒரு கதை. கேட்க ரொம்பப் பொருத்தமாக இருக்கும். ஆட்டத்தை உருவாக்கிய சிட் மெய்யர் 2020-இல் அப்படி ஒரு வழுவே இருக்கவில்லை என்று சொல்லிவிட்டார். 1921-இல் மதுரை மேல மாசி வீதியில் அரையாடைக்கு மாறிய மனிதருக்கு இப்படி ஒரு வதந்தி!

‘ஃபீட்பேக்’ வேறு சங்கதி. மின்சுற்றில் வெளிவருவதில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே ஊட்டுவது அதன் தொழில்நுட்பப் பொருள். ‘பின்னூட்டம்’ அதற்கு நேர் தமிழ். ஆட்டக்காரர் எழுதி அனுப்புவதற்குக் ‘கருத்து’ என்ற சொல்லே போதும். அது போய் ஆட்டத்தை மாற்றினால் பின்னூட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். கடைசிக் கட்டம் ரொம்பக் கஷ்டம், துப்பாக்கிக்கு வலு போதாது என்பதெல்லாம் கருத்து. ஆட்டம் நினைத்தபடிதான் நடக்கிறது, நமக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மதுரைச் சங்கத்தில் நக்கீரர் சொன்ன பொருட்குற்றம்கூட, இந்தக் கணக்கில், வழு அறிக்கை அல்ல. பாட்டு எழுதியவர் நினைத்ததையே சொன்னது. நக்கீரருக்கு அதில் உடன்பாடு இல்லை.

வழு என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ள எனக்கு இன்னொரு காரணம், அதோடு சேர்ந்து வரும் ‘வழுவமைதி’. இலக்கணப்படி வழுதான், ஆனாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அலங்காநல்லூர் வாடிவாசலில் காளையைப் பார்த்து ‘என் பிள்ளை வந்துட்டான்’ என்றால் அது திணை வழு. பாசத்தால் வந்ததால் அமைதி. விளையாட்டு உலகில் இதற்கு எடுத்துக்காட்டு நிறைய. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். வரைய வேண்டிய உருவங்கள் குறைவதால் சில்லு (சிப்) வேகமாக ஓடிய விளைவு அது. ஆட்டம் சூடுபிடிக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார் அதை உருவாக்கிய நிஷிகாடோ. மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் வரும் கிரீப்பர் என்ற எதிரி, பன்றியை உருவாக்கும்போது உயரமும் நீளமும் இடம் மாறிப் பிறந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் அடிமேல் அடியாகக் கோக்கும் ‘காம்போ’வும் திட்டமிடாமல் வந்ததுதான். ஆங்கிலத்தில் ‘இது பக் இல்லை, ஃபீச்சர்’ என்று கிண்டலாகச் சொல்வதற்கு நம் இலக்கணத்தில் ஒரு தனிச்சொல்லே இருக்கிறது.

அறிக்கை அனுப்பியவருக்கு வரும் பதில்களையும் தமிழில் சொல்லிப் பார்க்கலாம்: ‘சரிசெய்யப்பட்டது’, ‘மீள நிகழவில்லை’, ‘ஏற்கெனவே பதிவானது’, ‘வேண்டுமென்றே வைத்தது’. அக்கா மகனுக்கு வந்தது மூன்றாவது. தனக்கு முன்னால் யாரோ எழுதிவிட்டார்கள் என்று அவனுக்கு ஒரே வருத்தம்.