காயத்தைச் சுற்றி எழும் ஹார்மோன் அரண்

மூளையில் அடிபட்டால் சேதம் இரண்டு தவணைகளில் வருகிறது. முதல் தவணை அடி விழுந்த கணத்திலேயே முடிந்துவிடும். இரண்டாவதுதான் கொடியது. இறக்கும் நரம்பணுக்கள் தம்மிடமுள்ள குளூட்டமேட் என்ற, செல்லுக்குச் செல் செய்தி கடத்தும் வேதிப்பொருளைக் கொட்டிவிடுகின்றன; அது பக்கத்துச் செல்களை அளவுக்கு மீறித் தூண்ட, அவற்றுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுகிறது. அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. அடியே படாத செல்கள் அடுத்து வரும் நாட்களில் அடுத்தடுத்துச் சாகின்றன. பாலூட்டிகளின் மூளையில் சிறிய காயம் பெரிதாவது இப்படித்தான்.

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற பாடும் பறவையின் மூளையில், மெல்லிய ஊசியால் காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். இந்த இரண்டாவது அலை கண்ணில் படவே இல்லை. சுமார் 12 கிராம் எடையுள்ள ஒரு சிற்றுயிரின் மூளை, எதைக் கொண்டு அதைத் தடுக்கிறது?

அரோமடேஸ் என்ற நொதியைக் கொண்டு. டெஸ்டோஸ்டீரோன் மூலக்கூறில் 19 கார்பன் அணுக்கள் உண்டு. அரோமடேஸ் அதில் ஒன்றை நீக்கி, ஒரு வளையத்தை அரோமேட்டிக் வளையமாக மாற்றுகிறது. நொதியின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். கிடைப்பது 18 கார்பன் கொண்ட எஸ்ட்ராடையால், அதாவது ஈஸ்ட்ரோஜன். இதைப் ‘பெண் ஹார்மோன்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயர் நம்மை நெடுங்காலமாகத் தவறான பக்கம் பார்க்க வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். ஆண் பறவையின் மூளையும் ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரிக்கிறது. காயம் பட்டால் ஆண், பெண் இரண்டுமே தயாரிப்பைக் கூட்டுகின்றன.

வழக்கமாக அந்தத் தயாரிப்பு நரம்பணுக்களின் வேலை. காயம் பட்டதும் பொறுப்பு கைமாறுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பார்னி ஷ்லிங்கரும் காலின் சல்தானாவும் தம் குழுவினருடன் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஊசி சென்ற தடத்தைச் சுற்றி, ஒரே நாளுக்குள், கிளியல் செல்களில் அரோமடேஸ் தோன்றியிருந்தது. நரம்பணுக்களைத் தாங்கிப் பராமரிக்கும் துணைச் செல்கள் இவை. சாதாரண நாட்களில் இவற்றில் இந்த நொதி தென்படுவதே இல்லை. இன்னும் வியப்பு, மூளையில் அரோமடேஸ் இல்லாத பகுதியில் காயம் பட்டாலும் அங்கேயும் அது முளைக்கிறது. விதைப்பகம், சூலகம் என்று தொலைவிலிருந்து இரத்தத்தில் வரும் ஹார்மோனுக்காகக் காத்திராமல், தேவைப்படும் இடத்திலேயே மூளை அதைத் தயாரித்துக்கொள்கிறது.

நொதி தோன்றுகிறது, சரி; காப்பது அதுதானா? சல்தானாவின் குழு இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே பறவையின் மூளையில் இரு அரைக்கோளங்களிலும் காயம் உண்டாக்கினார்கள். ஒரு பக்கத்தில் அரோமடேஸை முடக்கும் ஃபாட்ரசோல் மருந்து, மறுபக்கத்தில் வெறும் கரைசல். மருந்து சென்ற பக்கத்தில் காயம் பெரிதானது. காலவரிசையில் தொடர்ந்து பார்த்தபோது, அந்தப் பறவைக்கு இல்லவே இல்லை என்று கருதப்பட்ட இரண்டாவது சிதைவு அலை அங்கே வெளிப்பட்டது. அலை எப்போதும் வரக் காத்திருந்திருக்கிறது. நொதிதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. நொதியை முடக்கிவிட்டு எஸ்ட்ராடையாலை மட்டும் வெளியிலிருந்து கொடுத்தபோது செல் சாவு மீண்டும் குறைந்தது. ஆக, காப்பது ஈஸ்ட்ரோஜன்தான்.

கிளியல் செல்லுக்கு யார் தகவல் சொல்கிறார்கள்? காயம்கூடத் தேவையில்லை, அழற்சியே போதும். பீன்ஸ் விதையிலிருந்து எடுக்கப்படும் ஒரு புரதத்தைக் கொண்டு, மூளைத் திசுவைக் குத்தாமலேயே அழற்சியைத் தூண்டியபோதும் கிளியல் செல்களில் அரோமடேஸ் தோன்றியது. அழற்சி நொதியை எழுப்புகிறது. நொதி ஈஸ்ட்ரோஜனைத் தருகிறது. ஈஸ்ட்ரோஜன் திரும்பிவந்து அழற்சியைத் தணிக்கிறது.

பாலூட்டிகளுக்கும் இந்த ஏற்பாடு உண்டு. காயம்பட்ட எலி மூளையின் ஆஸ்ட்ரோசைட் என்ற வகைக் கிளியல் செல்களில் அரோமடேஸ் தோன்றுவதை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 1999இலேயே காட்டியிருந்தார்கள். ஆனால் பறவையில் அது விரைவாகவும் வலுவாகவும் எழுகிறது. பாலூட்டி மூளையில் இதே நொதியைக் காயத்தின் ஓரத்தில் உரிய நேரத்தில் எழுப்ப முடியுமா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் இந்தப் பறவையிடமிருந்துதான் பெற்றிருக்கிறார்கள்.