யோசிப்பது எளிது, துண்டு மடிப்பதுதான் கஷ்டம்

2016 மார்ச்சில் சியோல் நகரில் லீ செடோலுக்கும் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலுக்கும் 'கோ' என்ற பலகை ஆட்டப் போட்டி நடந்தது. உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான லீ 4-1 என்று தோற்றார். எல்லோரும் நிரலின் மூளையைப் பற்றியே பேசினார்கள். எனக்கு நினைவில் நிற்பது லீக்கு எதிரே உட்கார்ந்திருந்த மனிதர். ஆல்ஃபாகோவை உருவாக்கிய குழுவைச் சேர்ந்த ஆஜா ஹுவாங். நிரல் திரையில் காட்டும் இடத்தைப் பார்த்து, கிண்ணத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பலகையில் வைப்பது அவர் வேலை. 1997இல் டீப் ப்ளூ என்ற கணினி, உலக சாம்பியன் காஸ்பரோவைச் சதுரங்கத்தில் வென்றபோதும் இதே கதைதான். யோசித்தது கணினி, காயை நகர்த்தியது மனிதக் கை.

ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் இதை 1988லேயே எழுதிவிட்டார். அறிவுத்திறன் தேர்விலும் செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்திலும் பெரியவர்களுக்கு நிகராகக் கணினியைச் செயல்படவைப்பது ஓரளவு எளிது. பார்ப்பதிலும் நடமாடுவதிலும் ஒரு வயதுக் குழந்தையின் திறமையைக் கொடுப்பது மிகமிகக் கடினம் என்றார். கண்ணும் கையும் சேர்ந்து செய்கிற காரியங்கள் பல கோடி ஆண்டுப் பரிணாமத்தில் நம் உடம்பில் ஊறியவை. நமக்கு அவை தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் அவற்றின் சிக்கல் நம் கண்ணுக்கே தெரிவதில்லை.

ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று நிலையான உருவம் கிடையாது. கூடையில் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சுருண்டு கிடக்கும். 2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ரோபோவுக்குத் துண்டு மடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது துண்டைத் தூக்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்து, மூலை எங்கே என்று தேடிப்பிடித்து மடித்தது. ஒரு துண்டுக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆனது! நம் கைக்கு இதில் என்ன வசதி? உள்ளங்கையிலும் விரல்களிலுமாகச் சுமார் 17,000 தொடு உணர்விகள் இருக்கின்றன. பிடித்திருக்கும் டம்ளர் நழுவப் பார்த்தால், நாம் கவனிப்பதற்கு முன்பே விரல்கள் இறுக்கிக்கொள்கின்றன.

சரி, தொழிற்சாலைகளில் ரோபோக்கள் காலங்காலமாக வேலை செய்கின்றனவே? உண்மைதான். முதல் தொழிற்சாலை ரோபோவான யூனிமேட் 1961லேயே நியூஜெர்சியில் ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், கொதிக்கும் உலோக வார்ப்புகளை எடுத்து வைத்தது. ஆனால் அதற்குக் கண் தேவைப்படவில்லை. வார்ப்பு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே வாக்கில் வந்து நிற்கும்படி மனிதர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

எழுத்து வேலையில் செயற்கை நுண்ணறிவு வேகமாக முன்னேறியதற்குக் காரணம் வேறு. அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிப்பதுதான் அதன் அடிப்படைப் பயிற்சி. பயிற்சிக்குத் தேவையான எழுத்து, மனிதர்கள் எழுதி எழுதி இணையத்தில் மலையாய்க் குவிந்திருந்தது. ஒரு துணியை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்ற அறிவு எந்த இணையதளத்தில் இருக்கிறது? ஆகவே அறிக்கை, மொழிபெயர்ப்பு, நிரல் எழுதுவது போன்ற மேசை வேலைகளை மாற்றம் முதலில் தொட்டது. குழாய் ரிப்பேர் செய்பவரையும் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் செவிலியரையும் அது மெதுவாகத்தான் நெருங்கும்.

எத்தனை வேலைகள் போகும்? 2013இல் வந்த ஒரு ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு, அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. வேலையை மொத்தமாக எடைபோடாமல், அதற்குள் இருக்கும் காரியங்களைப் பிரித்துப் பார்த்த 2016 ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) ஆய்வில் அது 9 சதவீதமானது. பிரித்துப் பார்ப்பதுதான் சரியான வழி என்பது என் எண்ணம். ஸ்கேன் படிக்கும் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்று செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன் 2016இல் சொன்னார். இன்றும் பல நாடுகளில் அவர்களுக்குப் பற்றாக்குறை. படத்தைப் பார்ப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. பழைய படங்களோடு ஒப்பிடுவது, அறுவை மருத்துவரோடு பேசுவது, ஊசியால் திசு எடுப்பது, கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பது என்று மீதி நீள்கிறது.

எனக்குக் கவலை புதிதாக வேலைக்கு வருபவர்களைப் பற்றித்தான். முதல் வரைவு எழுதுவது, கணக்கைச் சரிபார்ப்பது போன்ற சின்ன வேலைகளைச் செய்துதான் எல்லோரும் தொழில் கற்றோம். இயந்திரம் முதலில் வாங்கிக்கொள்வதும் அவற்றைத்தான். அவற்றைப் பழகாதவர் பத்து வருடம் கழித்து இயந்திரத்தின் தவறை எப்படிக் கண்டுபிடிப்பார்? நிறுவனங்கள் இதற்கு இப்போதே வழி செய்யவேண்டும்.

அப்புறம், அந்தத் துண்டு. இன்றைய ரோபோக்களுக்கு மனிதர்கள் செய்துகாட்டியே சொல்லித்தருகிறார்கள். ஒருவர் இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து அசைக்க, ரோபோவின் கைகளும் அதேபோல அசைகின்றன. ஒரே துணியை நூற்றுக்கணக்கான தடவை மடிக்கிறார். கேமரா பார்த்ததும் ஒவ்வொரு மூட்டும் திரும்பியதும் பதிவாகின்றன. பிறகு ரோபோ தனியாக முயல்கிறது. உள்பக்கம் வெளியே திரும்பிய ஒரு சட்டை வந்தால் திகைத்து நின்றுவிடலாம். உடனே அவர் மறுபடி கைப்பிடியைப் பிடித்து, சட்டையைத் திருப்பி, மடித்துக் காட்டுகிறார். அதுவும் அடுத்த பயிற்சியில் சேர்கிறது.