மலிவு சரி, எந்த நேரத்து மின்சாரம்?

புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "இருப்பதிலேயே மலிவு சூரிய மின்சாரம்தானே, அப்புறம் எதற்கு மற்றதெல்லாம்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். மின்கட்டமைப்பில் வேலை பார்ப்பவன் என்பதால் கேள்வி நேராக என் பக்கம்தான் திரும்பும். மலிவு என்பதில் சந்தேகமே இல்லை. 2010-ல் இருந்த உற்பத்திச் செலவோடு ஒப்பிட்டால் உலக அளவில் அது ஏறக்குறைய 90 சதவீதம் இறங்கியிருக்கிறது. ஆனால் ஒரு நாட்டுக்கே மின்சாரம் கொடுப்பவர்கள் யூனிட் விலையை மட்டும் பார்த்தால் போதாது, அந்த யூனிட் எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது வராமல் போகும் என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் இந்த மெகாவாட் மயக்கத்தைத் தெளிவித்துவிடலாம். 1,000 மெகாவாட் என்று செய்தியில் வருவது நிறுவு திறன், அதாவது எல்லாம் கூடி வந்தால் கிடைக்கும் உச்சம். வருடச் சராசரி எடுத்தால் சூரிய மின் நிலையம் அதில் 15 முதல் 25 சதவீதம் தரும், நிலத்தில் நிற்கும் காற்றாலை 25 முதல் 40, கடலில் நிற்பது 40-ஐத் தாண்டும், புவிவெப்ப நிலையம் 80 சதவீதம்கூடக் கொடுக்கும். ஆக 1,000 மெகாவாட் சூரியப் பூங்கா சராசரியாக ஒரு நாளைக்கு 48 லட்சம் யூனிட் தந்தால், அதே 1,000 மெகாவாட் புவிவெப்பத்தில் 1 கோடியே 92 லட்சம் யூனிட் வரும். பெயர்ப்பலகையில் மட்டும் இரண்டும் ஒன்று.

வெயில் கொளுத்தினால் உற்பத்தி கூடும் என்பதும் பாதிதான் உண்மை. சூரியத் தகட்டின் திறனை 25 டிகிரி வெப்பத்தில் வைத்து அளக்கிறார்கள், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். உச்சி வெயிலில் தகடு 65 டிகிரிக்குப் போய்விட்டால் 12 முதல் 16 சதவீதம் வரை காணாமல் போகும். அதற்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு இல்லை.

காற்று வேறு மாதிரி. அதன் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் சக்தி எட்டு மடங்காகும், அதனால் நொடிக்கு 6 மீட்டர் வீசும் இடத்துக்கும் 7 மீட்டர் வீசும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் பார்ப்பதுபோல் சின்னது இல்லை, கிட்டத்தட்ட 60 சதவீதம். ஆனால் நொடிக்கு 25 மீட்டர் தாண்டிப் புயலாக அடித்தால் பெரும்பாலான காற்றாலைகள் பாதுகாப்புக்காகத் தாங்களே நின்றுவிடும். டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிறது, பக்கத்து நாடுகளோடு கம்பி இணைப்பு இருப்பதால்தான் அது நிம்மதியாகத் தூங்குகிறது. ஜெர்மனியில் 2024 நவம்பரிலும் டிசம்பரிலும் மேகமூட்டமும் காற்றில்லாத குளிரும் சேர்ந்து வந்தபோது சூரியன், காற்று இரண்டும் ஒன்றாகக் கைவிட்டன, மின்சந்தையில் விலை எகிறியது.

எங்கள் கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் பிடித்தது நீர்மின்சாரம். சாயங்காலம் திரையைப் பார்த்தால் காரணம் புரியும். சூரிய மின்சாரக் கோடு மளமளவென்று சரியும், அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் அடுப்பும் போடப்போட லோடு, அதாவது மின் தேவை, ஏறும், தேவைக்கு உற்பத்தி போதாமல் 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அதிர்வெண் 49.9 என்று நழுவ ஆரம்பிக்கும். அப்போது கூப்பிட்டால் சில நிமிடங்களில் எழுந்து முழுச் சுமையைத் தாங்கும் எந்திரம் அணையில் இருக்கிறது. நார்வே ஏறக்குறைய 90 சதவீதம் இதை வைத்தே ஓட்டுகிறது. ஆனால் அணையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எக்வடோரைப் பார்க்கலாம், 2024 வறட்சியில் அங்கே ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரை மின்வெட்டு. பிரேசில் 2001-ல் நுகர்வை 20 சதவீதம் குறைக்கச் சொல்லி மக்களுக்கு உத்தரவு போட்டது. (அணைக்காக ஊரைவிட்டு எழுப்பப்பட்டவர்கள் கணக்கு தனி. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணைக்கு மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.)

என் பார்வையில் உண்மையான ஒப்பீடு இதுதான்: வெயில் ஒவ்வொரு ராத்திரியும் இல்லாமல் போகும், காற்று சில சமயம் வாரக்கணக்கில் படுத்துவிடும், மழை வருடக்கணக்கில் ஏமாற்றும். ஒரே மாதிரி நேரத்தில் கைவிடும் இரண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு "பல ஆதாரங்கள் இருக்கின்றன" என்று பெருமைப்படுவதில் பயனில்லை.

பூமிக்கு அடியில் சூடு மேலே வரும் இடங்களில் புவிவெப்பம் வரம்தான், கென்யா தன் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் அப்படித்தான் எடுக்கிறது. கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதிலிருந்து எடுக்கும் அலையேற்ற மின்சாரம் எத்தனை மணிக்கு எவ்வளவு வரும் என்று வருடக்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிடலாம், பிரான்சின் லா ரான்ஸ் நிலையம் 1966 முதல் ஓடுகிறது, ஆனால் தோதான கடற்கழிகள் உலகத்திலேயே குறைவு. உயிரிப்பொருளில் வைக்கோல், சக்கை போன்ற கழிவுகளை எரிப்பது வரை சரி, அதற்காக மரத்தை வெட்ட ஆரம்பித்தால் பேச்சே வேறு.

பேட்டரி வந்துவிட்டதே என்பார்கள். வந்துவிட்டது, நன்றாகவும் வேலை செய்கிறது, கலிஃபோர்னியா 2024-லேயே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அவை பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கானவை. சாயங்கால உச்சத்தைத் தாண்டிவிடும், காற்றில்லாத ஒரு வாரத்தைத் தாண்டாது. அதற்கு, மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின் நிலையம் போல ஏதாவது பெரிதாக வேண்டும். அங்கும் 100 யூனிட் போட்டால் 75, 80 தான் திரும்பி வரும் என்பதையும் விலையில் சேர்க்க வேண்டும்.

பெரும்பாலான ஒப்பீடுகளில் விட்டுப்போவது கம்பி. சூரியப் பூங்கா ஓரிரு வருடத்தில் எழும்பிவிடும், அதை ஊருக்குக் கொண்டுவரும் உயர் அழுத்தப் பாதைக்கு நிலமும் அனுமதியும் வாங்கவே அதைவிட அதிக காலம் ஆகும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதை. பூங்காவால் உற்பத்தி செய்ய முடிந்தும், கொண்டுவரப் பாதை இல்லாமல் "குறைத்துக்கொள்ளுங்கள்" என்று நாங்களே போன் போட்டுச் சொல்ல வேண்டிவருகிறது.

இத்தனையிலும் ரொம்பச் செலவில்லாத வழி, லோடையே நகர்த்துவது. தெற்கு ஆஸ்திரேலியாவில் நடுப்பகல் நேரத்துக்கு மலிவான கட்டணம் வைத்து, முன்பு ராத்திரியில் ஓடிய வெந்நீர்க் கொதிகலன்களைப் பகலுக்கு மாற்றிவருகிறார்கள். வேறு பல இடங்களில் சலுகைக் கட்டணம் இன்னும் நள்ளிரவில்தான் இருக்கிறது, நிலக்கரி நிலையங்களை ராத்திரியில் அணைக்க முடியாது என்பதற்காக எப்போதோ போட்டது. கூரையெல்லாம் தகடு மாட்டச் சொல்லிக்கொண்டே அந்தக் கட்டணப் பட்டியலை ஏன் தொடாமல் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.