வரம்புக்குள் இருக்கும் பத்து லட்சம் இழைகள்

ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.1 இழை. பணியிடத்துக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசுக்கு அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்ட வரம்பு இது, எட்டு மணி நேரச் சராசரியாக. கேட்டால் ஒன்றுமே இல்லாதது போலத்தான் தோன்றும். ஆனால் உடலுழைப்பில் இருப்பவர் எட்டு மணி நேரத்தில் சுமார் 10 கன மீட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். கணக்குப் போட்டால், வரம்பு மீறாத காற்றிலேயே ஒரு நாளைக்குப் பத்து லட்சம் இழைகள்.

பெரும்பாலானவை சளியோடு வெளியேறிவிடும். நீளமாகவும் மெலிதாகவும் இருப்பவைதான் ஆபத்து. அவை காற்றோட்டத்தோடு நீளவாக்கில் மிதந்து கடைசிக் காற்றறை வரை போய்விடும். அங்கே தூசியை விழுங்கிச் சுத்தம் செய்யும் செல்கள் உண்டு. தன்னைவிட நீளமான இழையை அந்தச் செல் பாதிதான் விழுங்கும். மீதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். செரிக்கவும் முடியாது, துப்பவும் முடியாது. செரிப்பதற்கு வைத்திருந்த ரசாயனம் பக்கத்துத் திசுவில் கசியும். செல் செத்த பிறகும் இழை கிடக்கும். அடுத்த செல் வரும், அதற்கும் அதே கதி. இந்த அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து, நுரையீரல் தழும்பேறி இறுகினால் ஆஸ்பெஸ்டோசிஸ். மரபணு சிதைந்தால் நுரையீரல் புற்றுநோய், அல்லது நுரையீரலின் மேலுறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். இது தலைகாட்டப் பெரும்பாலும் 30, 40 ஆண்டுகள் ஆகும்.

அப்படியானால் வரம்பை எப்படி முடிவு செய்கிறார்கள்? 1968-இல் பிரிட்டன் வல்லுநர்கள் 2 இழை என்று பரிந்துரைத்தபோது, ஆஸ்பெஸ்டோசிஸை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். புற்றுநோய் அதில் இல்லை. பின்னாளில் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, தொழிலாளர்களின் இறப்புப் பதிவுகளை அவர்கள் சுவாசித்த தூசியின் அளவோடு பொருத்திப் பார்த்தது. அதே 2 இழைக் காற்றில் 45 ஆண்டுகள் வேலை செய்தால், ஆயிரம் பேரில் 64 பேர் கூடுதலாகப் புற்றுநோயால் இறப்பார்கள் என்று அதன் மதிப்பீடு சொன்னது. 0.1 இழையில்கூட ஆயிரத்துக்கு 3.4 பேர்.

அதாவது 0.1 என்பது ஆபத்து முடியும் இடம் அல்ல. அதற்குக் கீழே தொழிலகங்களால் நம்பகமாகக் கட்டுப்படுத்த முடியாது என்று கருதியதால் ஓஷா அங்கே நின்றது. எண்ணும் முறையிலும் ஓட்டை உண்டு. வடிகட்டியில் பிடித்த தூசியைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்து, 5 மைக்ரோமீட்டரைவிட நீளமான இழைகளை மட்டும் எண்ணுகிறார்கள். மிக மெல்லிய இழைகள் அதில் கண்ணுக்கே தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் வரம்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததோடு, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாறவும் முடிவெடுத்தது. இத்தனை தாமதமாக வந்தாலும், எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது.

1994-இல் 20 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இப்போதுதான் ஐம்பதைத் தாண்டியிருக்கிறார்.