கம்ப்ரசர்: தமிழில் வீச்சொடுக்கி

மண்டபத்திலோ ராமேசுவரத்திலோ நின்று ‘கம்ப்ரசர் பார்க்கிற ஆள் யாரு?’ என்று கேட்டால் ஐஸ் கம்பெனிப் பக்கம்தான் கை காட்டுவார்கள். மீன் கெடாமல் இருக்க ஐஸ் வேண்டும். ஐஸ் உறைய அம்மோனியா வாயுவை அமுக்கியாக வேண்டும். அமுக்குகிற இயந்திரம் கம்ப்ரசர். பஞ்சர் கடையில் டியூபுக்குக் காற்று கொடுப்பதற்கும், வீட்டு ஃப்ரிட்ஜின் முதுகில் உறுமுவதற்கும் அதே பெயர்தான். பாட்டுப் பதிவுக்குச் சாமான் வாங்கக் கிளம்பும் ஒருவர் ‘மைக், ப்ரீஆம்ப், கம்ப்ரசர், இன்டர்ஃபேஸ்’ என்ற வரிசையைப் பார்த்தால், மூன்றாவது சாமானுக்குக் குரலோடு என்ன வேலை என்று விழிக்கத்தான் செய்வார். ஒலியின் உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான் அதன் வேலை.

லத்தீனில் ‘ப்ரெமெரே’ என்றால் அழுத்துதல். அதன் முன் ‘காம்’ சேர்ந்தால், ஒன்றுசேர்த்து நெருக்குதல். அச்சடிக்கும் பிரஸ், டாக்டர் பார்க்கும் பிரஷர் எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை. மூக்குத் துவாரத்தைச் சுருக்கும் தசைக்குக்கூட உடற்கூற்று நூல்களில் ‘கம்ப்ரசர் நாரிஸ்’ என்ற பெயர் இருந்தது. ஒலியின் பக்கம் இந்தச் சொல் வந்ததற்குத் தொலைபேசி ஒரு காரணம். 1930களில் கடல் கடந்து ரேடியோ வழியாகப் பேசியபோது மெல்லிய பேச்சு வழியிலேயே இரைச்சலில் மூழ்கியது. அனுப்பும் முனையில் பேச்சின் ஏற்ற இறக்கத்தை நெருக்கி அனுப்பி, வாங்கும் முனையில் மறுபடி விரித்தார்கள். நெருக்குவதும் விரிப்பதும் சேர்ந்த அந்த ஏற்பாட்டுக்குக் ‘கம்பாண்டர்’ என்று பெயர். வானொலியும் பாட்டுப்பதிவுக் கூடங்களும் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன.

இது என்ன செய்கிறது என்று நம்மூர்ப் பாட்டையே வைத்துப் பார்க்கலாம். முளைப்பாரிக் கும்மியில் ஒரு அம்மா அடியெடுத்துத் தணிந்த குரலில் பாடுகிறார், நடுவில் எல்லாரும் குலவை போடுகிறார்கள். பாட்டு −24 டெசிபலில் பதிவாகிறது, குலவை −6க்குத் தாவுகிறது என்று வைத்துக்கொள்வோம். (பதிவு தாங்கும் உச்சம் 0, அதற்கு எவ்வளவு கீழே என்பதைத்தான் கழித்தல் குறி சொல்கிறது.) இடைவெளி 18 டெசிபல். குலவைக்காக அளவைக் குறைத்தால் பாட்டு கேட்காது, பாட்டுக்காகக் கூட்டினால் குலவை கிழியும். இங்கே கம்ப்ரசரில் ‘த்ரெஷோல்டு’ எனும் எல்லையை −18 என்றும் விகிதத்தை 4:1 என்றும் வைக்கிறோம். எல்லைக்குக் கீழே இருக்கும் பாட்டை அது தொடுவதில்லை. குலவை எல்லைக்கு மேல் 12 டெசிபல் ஏறுகிறது அல்லவா, அதில் நாலில் ஒரு பங்கான 3 மட்டும் வெளியே வரும். அதாவது குலவை −15இல் நிற்கும். 18ஆக இருந்த இடைவெளி இப்போது 9. பிறகு மொத்தத்தையும் 6 டெசிபல் தூக்கினால் பாட்டு −18, குலவை −9. இரண்டும் காதுக்கு எட்டும்.

இந்தத் தூக்கலில்தான் கடலோரத்துக்காரர்களுக்குத் தொல்லை. பாட்டோடு சேர்ந்து ஃபேன், அலை, தெருவில் போகும் மீன் வண்டி எல்லாமே 6 டெசிபல் ஏறும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தினாலும் காற்றின் அடி உறுமல் மைக்குக்குள் வந்துவிடும். அந்தத் தாழ்ந்த உறுமலுக்கு வலு அதிகம். கம்ப்ரசர் அதையும் குரல் என்று எண்ணிப் பிடித்து அழுத்தும், பாடுகிறவரின் குரல் காரணமில்லாமல் உள்ளே போய்ப் போய் வரும். அதனால்தான் சாமான்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் சங்கிலியில் வரிசை முக்கியம்: மைக், அதன் மெல்லிய மின்குறியைப் பெருக்கும் ப்ரீஆம்ப், அதிலேயே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி, அதற்கு அப்புறம்தான் கம்ப்ரசர். தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்யூவில் வெட்ட வேண்டியதைக் கம்ப்ரசருக்கு முன்னும், கூட்ட வேண்டியதைப் பின்னும் வைப்பது பெரும்பாலும் ஒத்துவரும். முன்னாலேயே கூட்டினால், கூட்டிய அந்தப் பகுதியையே அது குறிவைத்து இறக்கும்.

பேர் பெற்ற கருவிகளில் இரண்டைச் சொல்லலாம். ஜிம் லாரன்ஸ் 1960களின் தொடக்கத்தில் செய்த எல்ஏ-2ஏ, ஒளிரும் தகட்டையும் ஒளியுணர் மின்தடையையும் கொண்டு நிதானமாக வேலை செய்வது. பில் புட்னம் 1967இல் கொண்டுவந்த 1176, டிரான்சிஸ்டர் வேகத்தில் பாய்வது. திடீர் எழுச்சிகளை 1176இல் பிடித்து, மிச்சத்தை எல்ஏ-2ஏவில் சமன் செய்வது ஸ்டுடியோக்களில் ஊறிப்போன வரிசை. ஆனால் வீட்டில் புதிதாகத் தொடங்குகிறவர் இந்தச் சாமானுக்குக் காசு போடவே வேண்டாம் என்பேன். 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சம் −12 அளவில் நின்றாலே போதும். நெருக்குவதைப் பிறகு கணினியில் செய்யலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். கருவி வழியே நெருக்கிப் பதிந்துவிட்ட குரலைப் பழையபடி விரிக்க முடியாது. அந்தப் பணத்தை நல்ல மைக்குக்கும், அறையின் எதிரொலியைக் குடிக்கும் கனத்த திரைக்கும் போடலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஐஸ் கம்பெனி இயந்திரத்துக்கு ‘அமுக்கி’ பொருந்தும். குரலுக்கு அது பொருந்தாது, மொத்தச் சத்தத்தையும் அடக்கிவைக்கும் கருவி என்று நினைக்க வைக்கும். போதாததற்குப் பேச்சுவழக்கில் ‘அமுக்கிட்டான்’ என்றால் களவு. ‘சுருக்கி’ என்றால் எம்பி3 போலக் கோப்பின் அளவைக் குறைப்பதோடு குழம்பும். அதற்கும் ஆங்கிலத்தில் கம்ப்ரஷன் என்றே பெயர், ஆனால் வேலை முற்றிலும் வேறு. எனக்குச் சரியாகப் படுவது ‘ஒடுக்கி’. ஒடுக்குதல் என்றால் அழித்துவிடுவது இல்லை, ஒரு எல்லைக்குள் கொண்டுவருவது. குறள் 486இல் வரும் ‘ஒடுக்கம்’, ஊக்கமுடையவன் காலம் பார்த்து அடங்கியிருக்கும் நிலை; பாய்வதற்காகக் கிடாய் பின்வாங்குவதை வள்ளுவர் அதற்கு உவமை சொல்கிறார். ஒடுக்குமுறை என்ற அரசியல் வாடை அதில் அடிக்கிறதே என்று சிலர் முகம் சுளிக்கலாம். ‘ஒப்ரெஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே ப்ரெமெரேயிலிருந்து வந்ததுதான், ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதற்காகக் கம்ப்ரசரைக் கைவிடவில்லை.

எதை ஒடுக்குகிறது என்பதையும் சேர்த்தால் ‘வீச்சொடுக்கி’. பள்ளிப் பாடநூலில் அலையின் உயர அளவுக்கும் வீச்சுதான், எண்களில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாட்டுக்கும் வீச்சுதான். இரண்டு பொருளும் இங்கே ஒட்டுகின்றன. வீச்சுவலை எறிகிற ஊரில் இந்தச் சொல் அந்நியமாகவும் ஒலிக்காது.

விகிதத்தை 10:1, 20:1 என்று ஏற்றிக்கொண்டே போனால் எல்லையைத் தாண்ட ஏறக்குறைய வழியே இருக்காது. அப்போது அது லிமிட்டர், தமிழில் ‘வரம்பி’ எனலாம். பண்பலையில் சத்தம் கூடக்கூட ரேடியோ அலையின் அலைவெண் தன் இடத்திலிருந்து விலகுவதும் கூடும். பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 போன்ற எந்தப் பண்பலை நிலையமானாலும் இந்த விலகல் 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒலிபரப்புச் சங்கிலியில் வரம்பியின் இடம் கடைசியில், டிரான்ஸ்மிட்டருக்குச் சற்று முன்னால்.