வீல் ஸ்பேசர் போட்டிருக்கிறீர்களா? நட்டு எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ணிப் பாருங்கள்

போன மாதம் ஒரு கார் வந்தது. வேகம் எடுத்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, அலைன்மென்ட் பாருங்கள் என்றார் வண்டிக்காரர். முன் வீலைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, நட்டுகளைச் சுற்றி செம்பழுப்பாகத் துரு வழிந்த கோடுகள். ஒரு நட்டைத் தளர்த்திவிட்டுக் கையால் திருகினேன், நான்கே சுற்றில் கழன்று வந்தது. உள்ளே 10 மி.மீ. ஸ்பேசர், அதாவது வீலை வெளியே தள்ள, வீலுக்கும் அது மாட்டியிருக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் தகடு. ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும், நட்டு ஏறும் மரைக் கம்பியான ஸ்டட் மட்டும் பழைய நீளம். குடும்பத்தோடு ஓட்டி வந்த கார் அது.

ஸ்பேசரே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீல் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். நட்டை முறுக்கும்போது ஸ்டட் இழுபட்டு வீலை ஹப்போடு அழுத்துகிறது, அந்தப் பிடிதான் வீலை அசையாமல் வைத்திருக்கிறது. நடுவில் ஒரு தகடு நுழைந்தால் மரை பிடிக்கும் நீளம் அந்த அளவுக்குக் குறையும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடிக்க வேண்டும், 12 மி.மீ. ஸ்டட், 1.5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு நட்டு நகரும் தூரம்) என்றால் குறைந்தது 8 முழுச் சுற்று. அது வராவிட்டால் நீள ஸ்டட் மாற்றுங்கள், இல்லையென்றால் ஸ்பேசரைக் கழற்றிவிடுங்கள்.

ஸ்பேசரின் கனம் 20 மி.மீ.க்கு மேல் என்றால் ஹப்பில் தனியாக முடுக்கி, தன் ஸ்டட்டிலேயே வீலைத் தாங்கும் வகை கிடைக்கும். அதில் பழைய ஸ்டட்டின் நுனி ஸ்பேசரை விட்டு வெளியே நீட்டி, ரிம்மின் பின்புறக் குழிக்குள்ளும் அடங்காமல் போனால் வீல் சமமாக உட்காராது. எந்த வகையானாலும் நடுத்துளை ஹப்பில் ஆட்டமில்லாமல் பொருந்த வேண்டும், போடும் முன் ஹப்பின் துருவை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர், வாஷரை அடுக்குவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், வீல் வெளியே தள்ளத் தள்ள பேரிங் மேல் சுமை கூடும். முழு ஆள் ஏற்றி, ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள்.

அந்தக் காருக்கு நீள ஸ்டட் போட்டு, எதிரெதிர் நட்டுகளாக, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் முடுக்கி, 100 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி வரச் சொன்னேன். வந்தார். அன்று இரண்டு நட்டுகள் இன்னும் கொஞ்சம் இறுகின.